ரயிலில் பேலூர் மடத்து துர்கா பூஜைக்கு: அம்மாவை அழைத்துப் போகிறவருக்கு

நீங்கள் கேட்டது இது: அம்மாவுக்கு 67 வயது, பல வருஷமாக மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்குப் போய் வருகிறவர், ஒருமுறையாவது கொல்கத்தா பக்கத்தில் இருக்கிற தலைமை மடமான பேலூர் மடத்தில் துர்கா பூஜை பார்த்துவிட வேண்டும் என்கிறார், ஆனால் விமானத்தில் ஏற மாட்டேன் என்கிறார். சென்னையிலிருந்து ரயிலிலேயே போய் வர முடியுமா, அஷ்டமிக் கூட்டத்தில் அவரால் சமாளிக்க முடியுமா, எங்கே தங்குவது.

தாராளமாகப் போகலாம். ரயிலில் போவதுதான் நல்லது என்றும் சொல்வேன், காரணத்தை அப்புறம் சொல்கிறேன். ஆனால் டிக்கெட் பக்கம் போவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நம் ஊரிலிருந்து போகிற பலரும் அஷ்டமி காலை நடக்கிற, சிறு பெண் குழந்தையைத் தேவியாக வைத்து வணங்குகிற குமாரி பூஜையை மட்டும் குறிவைத்துப் போகிறார்கள். முதல் நாள் இரவு கொல்கத்தாவில் இறங்கி, விடிகாலையில் அடித்துப் பிடித்துக்கொண்டு மடத்துக்குப் போய், தடுப்புக் கம்பிக்குப் பின்னால் மூன்று மணி நேரம் நின்று, யாரோ ஒருவரின் தோளுக்கு மேலாக ஒரு சிவப்புப் புடவையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வயதானவரை அழைத்துக்கொண்டு அப்படிப் போகாதீர்கள். அங்கே நடப்பது சஷ்டி மாலையில் தொடங்கி தசமி மாலையில் முடிகிற ஒரே பூஜை. அஷ்டமி அதில் ஒரு நாள், அவ்வளவுதான். சஷ்டிக்கு முன்பே போய்ச் சேர்ந்து, தசமி வரை இருந்து, அம்மாவின் உடம்பு ஒத்துழைக்கிற நேரங்களில் மட்டும் மடத்துக்குப் போய் வந்தால் அஷ்டமிக்கு மட்டும் வந்து போகிறவர்களைவிட அவர் அதிகம் பார்ப்பார்.

இந்தப் பூஜை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற கண்ணே வேறாக இருக்கும். மயிலாப்பூர் மடத்துக்குப் போகிறவர் என்பதால் அம்மாவுக்குப் பாதி தெரிந்திருக்கும். 1898 டிசம்பரில் கங்கையின் மேற்குக் கரையில் பேலூர் மடம் நிறுவப்பட்டது. 1901 அக்டோபரில் சுவாமி விவேகானந்தர் அங்கே துர்கா பூஜை நடத்தத் தீர்மானித்தபோது பூஜைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. கொல்கத்தாவில் களிமண் மூர்த்திகள் செய்கிற குமார்துலியில் கேட்டுப் பார்த்தால், எல்லாம் ஏற்கெனவே யாராரோ சொல்லி வைத்தவை. சொன்னவர் எடுத்துப் போக வராததால் ஒரே ஒரு மூர்த்தி மட்டும் மிச்சம் இருந்தது, அதுதான் படகில் மடத்துக்கு வந்தது. ராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதா தேவியார் பக்கத்திலேயே ஒரு வீட்டில் வந்து தங்கினார். துறவிகள் தங்கள் பெயரில் சங்கல்பம் செய்துகொள்ள முடியாது என்பதால் பூஜையின் சங்கல்பம் தேவியாரின் பெயரில் செய்யப்பட்டது. இன்றும் அவர் பெயரில்தான் செய்கிறார்கள். மிருக பலி கூடாது என்று அவர் சொன்னதால் அன்றிலிருந்து பலி கிடையாது. சுவாமிஜி அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று சமாதியடைந்தார். ஆக, அந்த மடத்தில் அவர் இருந்து பார்த்த துர்கா பூஜை அது ஒன்றுதான்.

அம்மாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள், அவருக்கு நிச்சயம் சந்தோஷமாக இருக்கும். நீங்கள் போகப்போகிற இதே தடத்தில், எதிர்த் திசையில், சாரதா தேவியார் 1911இல் ரயிலில் சென்னைக்கு வந்தார். ஒரிசாவில் கோட்டார் என்ற ஊரில் சில வாரங்கள் தங்கிவிட்டு அங்கிருந்து இறங்கி வந்தார். மயிலாப்பூரில் எல்லா ஏற்பாட்டையும் கவனித்தவர் ராமகிருஷ்ணானந்தர், அதாவது சசி மஹராஜ். 1897இல் சுவாமிஜி சென்னைக்கு அனுப்பி வைத்தவர் அவர். தேவியார் இங்கிருந்து மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போனார். ராமேஸ்வரத்தில் அவர் அர்ச்சனை செய்ய 108 தங்க வில்வ இலைகளை சசி மஹராஜ் செய்து வைத்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சசி மஹராஜ் காலமாகிவிட்டார். மயிலாப்பூரிலிருந்து பேலூருக்கு ரயிலில் போகிற ஒருவருக்கு இது வெறும் பயணம் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, ரயில். சென்னை சென்ட்ரலிலிருந்து தினமும் போகிற முக்கியமான வண்டிகள் இரண்டு. ஒன்று கோரமண்டல் எக்ஸ்பிரஸ்: காலையில் கிளம்பி மறுநாள் மதியத்துக்குள் போய்ச் சேரும். இது இப்போது ஹவுரா ஸ்டேஷனுக்குப் போவதில்லை, ஷாலிமாரில்தான் முடிகிறது. ஷாலிமாரும் ஹவுரா பக்கத்தில், ஆற்றுக்கு மேற்கேதான் இருக்கிறது, ஆனால் வெளியே வண்டி பிடிப்பது ஹவுரா அளவுக்குச் சுலபம் இல்லை. யாரையாவது அழைக்க வரச் சொல்லியிருந்தால் ஷாலிமார் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று ஹவுரா மெயில், இது ஹவுராவுக்கே போகும். இரண்டிலும் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர், ஒரு பகலும் ஒரு இரவும் பிடிக்கும். தெற்கிலிருந்து கிளம்பும் உறவினர் யாராவது சேர்ந்துகொண்டால் திருச்சியிலிருந்து வாரம் இருமுறையும் கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறையும் நேராக ஹவுராவுக்கு வண்டி இருக்கிறது.

அம்மாவுக்காக நான் தேர்ந்தெடுத்தால் கோரமண்டல்தான். பகல் வெளிச்சத்தில் வந்து இறங்கலாம் என்பது முதல் காரணம். இறங்கும் நேரம் நள்ளிரவாகவோ விடியற்காலையாகவோ அமைந்தால், பெரியவரையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு புதிய ஊரில் விடியக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, ராஜமுந்திரியில் கோதாவரியைப் பகலிலேயே கடந்துவிடும். கரை தெரியாத அகலத்துக்கு ஆறு விரிகிறபோது பெட்டி முழுக்க ஜன்னல் பக்கம் சாயும், பெண்கள் கைகூப்புவார்கள், யாராவது ஒருவர் காசு வீசுவார். விசாகப்பட்டினத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்று இஞ்சின் மாற்றிக்கொண்டு திசை திரும்பும், வந்த வழியே திரும்பிப் போகிறதோ என்று புதிதாகப் போகிறவர்கள் பயந்துபோய்க் கேட்பார்கள், அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். கோரமண்டலில் ஒரே குறை, ஒரிசாவில் ரயிலை ஒட்டியே வருகிற சில்கா ஏரி ராத்திரியில் போய்விடும். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் திரும்பும்போது பகலில் அந்தப் பக்கம் கடக்கிற வண்டியாகப் பார்த்துப் போடுங்கள்.

ரயிலே மேல் என்று சொன்னதற்குக் காரணம் இந்தத் தடத்துக் கூட்டம். வேலூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டு ஊர் திரும்புகிற வங்காளக் குடும்பங்கள் எல்லாப் பெட்டியிலும் இருப்பார்கள், மடியில் எக்ஸ்ரே உறையோடும் மருந்துப் பையோடும். பூஜைக்கு முந்தைய வாரம் என்றால் நம் ஊரில் கட்டட வேலை, ஹோட்டல் வேலை பார்க்கிற பையன்களும் பூஜைக்கு வீடு போய்க்கொண்டிருப்பார்கள். நீங்கள் மடத்துக்குப் போகிறீர்கள் என்று ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்கவில்லை என்றாலும் கிடைத்துவிடும். எந்தப் பக்கம் இறங்கினால் டாக்ஸி கிடைக்கும், அஷ்டமி எத்தனை மணிக்கு முடிகிறது என்பது வரை அவர்களே சொல்லிவிடுவார்கள். மடத்தை அடைவதற்கு ஒரு நாள் முன்பே பூஜைப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

முன்பதிவு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் அசட்டையாக இருக்காதீர்கள். இப்போது பயணத் தேதிக்கு 60 நாள் முன்பிருந்துதான் டிக்கெட் எடுக்க முடியும், காலை 8 மணிக்குத் திறக்கும். பூஜை வாரத்துக்கு வடக்கே போகிற வண்டிகளில் இடம் போகிற வேகம் நம் பொங்கல் வண்டிகளில் போகிற வேகம்தான். அந்தக் காலை ஐஆர்சிடிசியில் தயாராக உட்கார்ந்திருங்கள். அம்மாவின் வயதைச் சரியாகக் கொடுங்கள், பெண்களுக்கு 45 வயதுக்கு மேல், ஆண்களுக்கு 60க்கு மேல் என்றால் கீழ் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் நாலைந்து பேரைச் சேர்த்துப் போட்டால் இந்த ஒதுக்கீடு வேலை செய்யாது, ஆகவே அம்மாவுக்குத் தனியாகவோ இன்னொரு பெரியவரோடு சேர்த்தோ எடுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, அதை எதிர்பார்க்க வேண்டாம். வெயிட்டிங் லிஸ்டில் எடுத்துவிட்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், உறுதியாகாத டிக்கெட்டோடு ஸ்லீப்பரிலும் ஏசியிலும் ஏறவிடுவதில்லை. தட்கலை நம்பியும் இருக்க வேண்டாம், அதற்கு ஆதார் சரிபார்ப்பு வேறு வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு ஏசி போதும். ஸ்லீப்பரில் வழியில் முன்பதிவு இல்லாதவர்களும் ஏறிக்கொள்வார்கள், பெரியவர்கள் படுக்கச் சிரமம்.

முடிந்தால் இடையில் ஒரு நிறுத்தம் வைத்துக்கொள்ளுங்கள். புவனேஸ்வரத்தில் இறங்கி, புரியில் ஒரு ராத்திரி தங்கி ஜகந்நாதரைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஹவுராவுக்கு வேறு வண்டி பிடிக்கலாம். வந்தே பாரத் மதியம் கிளம்பி அன்றைக்கே போய்விடுகிறது, ராத்திரி வண்டிகளும் உண்டு. ராமகிருஷ்ணர் புரிக்குப் போனதே இல்லை. சாரதா தேவியார் போனபோது அவருடைய படத்தை எடுத்துப் போய் ஜகந்நாதரைக் காட்டினார் என்பது அம்மாவுக்குத் தெரிந்த கதையாகத்தான் இருக்கும். தொடர்ந்து உட்கார்ந்தால் கால் வீங்குகிறவர் என்றால் இந்த நிறுத்தம் மிகவும் உதவும்.

புயலையும் மனதில் வையுங்கள். இந்தத் தடம் முழுக்க வங்கக் கடலோரம்தான் போகிறது, அக்டோபர் புயல் மாதம். 2013இல் ஃபைலின் புயல் அக்டோபர் 12 அன்று கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது, அன்று அஷ்டமி. அந்த மாதிரி நேரத்தில் வண்டிகளை ரத்து செய்வார்கள் அல்லது சுற்றி விடுவார்கள். சதுர்த்தி அன்று சென்னையில் ஏறினால் பஞ்சமி மதியத்துக்குள் போய்விடலாம், ஒரு நாள் தாமதமானால்கூட சஷ்டி மாலையைத் தவறவிட மாட்டீர்கள். சஷ்டி அன்று ஏறி சப்தமி அன்று இறங்குவதாகத் திட்டம் போடாதீர்கள்.

திதி நம் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கணக்கிட வேண்டாம். பொதுவாக நம் சரஸ்வதி பூஜை அன்றுதான் அங்கே நவமி, ஆனால் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின் ஆகும். மடத்தில் பின்பற்றுவது விசுத்த சித்தாந்தப் பஞ்சிகை என்கிற வங்காளப் பஞ்சாங்கம். ஒவ்வொரு ஆண்டும் எந்த நாள் எத்தனை மணிக்கு என்ன பூஜை என்று மடத்தின் இணையதளத்தில் அட்டவணை போட்டுவிடுவார்கள், அதை வைத்துத்தான் தேதி முடிவு செய்ய வேண்டும்.

இனி அந்த நாட்கள். சஷ்டி மாலையில் போதனம், அதாவது தேவியை எழுப்பி அழைப்பது. கூட்டம் குறைவாக இருக்கும், அம்மாவை உட்கார வைத்து நிதானமாகப் பார்க்க வைக்கலாம். நான் யாருக்குச் சொன்னாலும் இந்த மாலையை முதலில் சொல்வேன்.

சப்தமி விடியற்காலையில் நவபத்திரிகை நீராட்டு. வாழை, சேம்பு, மஞ்சள், சிற்றகத்தி, வில்வம், மாதுளை, அசோகு, பெருஞ்சேம்பு, நெல் என்று ஒன்பது செடிகளைச் சேர்த்துக் கட்டி, கங்கையில் நீராட்டி, சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையைச் சுற்றி, தலையில் முக்காடு போட்டதுபோல் வாழையிலை வளைந்து நிற்க, பிள்ளையார் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பார்க்க வெட்கத்தோடு நிற்கிற ஒரு கல்யாணப் பெண்ணைப் போலவே இருக்கும், அதனால் பிள்ளையாரின் மனைவி என்றே ஊரில் சொல்வார்கள். உண்மையில் அந்த ஒன்பது செடிகளும் தேவியின் ஒன்பது வடிவங்கள். நாம் கொலுவில் முளைப்பாரியும் கலசமும் வைத்துப் பழகியவர்கள், செடியையே தேவியாக வைத்து வணங்குவது அம்மாவுக்கு அந்நியமாகத் தெரியாது. இதைப் பார்க்க நாலு மணிக்கு எழ வேண்டியிருக்கும். முடியுமானால் எழுப்புங்கள்.

அஷ்டமி காலை குமாரி பூஜை. சிறு பெண் குழந்தையை அலங்கரித்து, தூக்கி வந்து ஆசனத்தில் உட்கார வைத்து, தேவியாகவே வைத்துப் பூஜை செய்வது. குழந்தையின் வயதுக்கு ஏற்றபடி பெயர் மாறும்: ஐந்து வயது என்றால் சுபகா, ஆறு என்றால் உமா, ஏழு என்றால் மாலினி. 1901இல் சுவாமிஜி ஒன்பது குழந்தைகளை வைத்துச் செய்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரில் ஒரு முஸ்லிம் படகோட்டியின் சிறு மகளை உமாவாக வைத்து அவர் வணங்கியிருக்கிறார். சூழ்ந்து நிற்கிற துறவிகளுக்கு நடுவே அந்தச் சின்னஞ்சிறு முகம் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனசு கரைந்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றுதான் மடத்துக்கே அதிகமான கூட்டம். கிராண்ட் டிரங்க் ரோட்டில் வண்டிகளைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள், நடக்க வேண்டும், சோதனை வரிசை வேறு. அம்மாவுக்கு முட்டி வலி, சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தால் அன்று காலை அவரை அறையிலேயே வைத்து மடத்தின் யூடியூப் நேரலையில் காட்டுவது நல்லது என்று நான் நினைக்கிறேன். அதில் குழந்தையின் முகம் நேரில் நிற்பதைவிடத் தெளிவாகத் தெரியும். போய்த்தான் ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், கதவு திறக்கும்போதே உள்ளே இருக்கிற மாதிரி போங்கள், தண்ணீரும் கொஞ்சம் பிஸ்கட்டும் கையில் இருக்கட்டும். இருவரும் பிரிந்துவிட்டால் எந்த இடத்தில் சந்திப்பது என்று முதல் நாளே அவருக்கு நேரில் காட்டி வையுங்கள். கூட்டத்தில் போன் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம்.

குமாரி பூஜையைவிட ஆழமாக எனக்குத் தோன்றுவது சந்தி பூஜை. அஷ்டமியின் கடைசி 24 நிமிஷமும் நவமியின் முதல் 24 நிமிஷமும் சேர்ந்த 48 நிமிஷம். தேவியைச் சாமுண்டியாக வைத்துப் பூஜிக்கிற நேரம் அது. 108 விளக்குகள் ஏற்றுவார்கள், 108 தாமரைகள் சாத்துவார்கள். இது எந்த நேரத்தில் வரும் என்பது ஒவ்வொரு ஆண்டும் மாறும், பகலிலும் வரும், நள்ளிரவிலும் வரும். அந்த ஆண்டு சௌகரியமான நேரத்தில் வந்தால் அஷ்டமி காலையை விட்டுவிட்டுக்கூட இதற்கு அம்மாவை அழைத்துப் போங்கள். பக்கத்து ஊர்ப் பந்தல்களில் எல்லாம் டாக் மேளம் அதிர்ந்துகொண்டிருக்கும், இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் மந்திரம் மட்டும் கேட்கும்.

நவமி அன்று ஹோமம். தசமி மாலையில் மடத்துப் படித்துறையில் மூர்த்தியைக் கங்கையில் கரைப்பார்கள், பிறகு சாந்தி ஜலம் தெளிப்பார்கள். இந்த நாட்களிலும் கோயிலில் மாலை ஆரத்தி உண்டு. சுவாமிஜி எழுதிய அதே ஆரத்திப் பாடல், மயிலாப்பூரில் அம்மா தினமும் கேட்பது. மொழி தெரியாத ஊரில் அவ்வளவு பேரோடு சேர்ந்து அவரும் வரி தவறாமல் பாடுவார், அதற்காகவே ஒரு மாலை நடுவில் ஒரு இடம் பிடித்து உட்கார வையுங்கள். பெரிய கோயில் 1938 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது, வரைந்தவர் துறவியாவதற்கு முன் பொறியாளராக இருந்த விஞ்ஞானானந்தர். சாரதா தேவியாரின் சிறிய கோயில் மட்டும் கங்கையைப் பார்த்து நிற்கும். அவருக்குக் கங்கை அவ்வளவு பிடிக்கும்.

தங்குவதற்கு மடத்தின் விருந்தினர் இல்லத்தை நம்ப வேண்டாம். பல மாதம் முன்பே எழுதிக் கேட்கலாம், அம்மா மயிலாப்பூரில் தீட்சை பெற்றவர் என்றால் அங்கே மஹராஜ் ஒருவரிடம் கடிதம் வாங்கி இணைக்கலாம், கிடைத்தால் பாக்கியம். ஆனால் பூஜை நாட்களில் இடம் மிகக் குறைவு, வேறு ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். கொல்கத்தாவின் நடுவில் ஹோட்டல் போடாதீர்கள். சப்தமி முதல் நவமி வரை மாலையானால் ஊரே தெருவில் இருக்கும், பந்தல் பார்க்கிற கூட்டத்தில் டாக்ஸி நகரவே நகராது. தட்சிணேஸ்வரம் பக்கம் தங்குங்கள். மடத்துக்கு எதிர்க்கரையில், கொஞ்சம் வடக்கே இருக்கிறது, சிறிய விடுதிகள் நிறைய. அங்கிருந்து மடத்துக்கு லாஞ்ச் போகிறது, இரண்டு பாலங்களுக்கு அடியில் புகுந்து மடத்துப் படித்துறை பக்கம் இறக்கிவிடும். டிராஃபிக் தொல்லையே இல்லை. அஷ்டமி அன்று அதிலும் வரிசை நீளும், கடைசி லாஞ்ச் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹவுராவில் இறங்கினால் தட்சிணேஸ்வரத்துக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம். 2024 மார்ச்சிலிருந்து ஹவுரா ஸ்டேஷனுக்கு அடியிலிருந்து மெட்ரோ ஓடுகிறது, ஆற்றுக்குக் கீழே போய் எஸ்பிளனேடில் நிற்கும், அங்கே மாறி தட்சிணேஸ்வரம் வண்டி பிடிக்க வேண்டும். தட்சிணேஸ்வரம் ஸ்டேஷனிலிருந்து காளி கோயில் வரை மேல்நடைபாதை இருக்கிறது. பெட்டி கனமாக இருந்தால் டாக்ஸியே மேல். ஹவுராவிலிருந்து நேராக மடத்துக்கு என்றால் ஆறேழு கிலோமீட்டர்தான், பஸ் இருக்கிறது, கடைசித் தூரத்துக்கு டோட்டோ என்கிற பேட்டரி ஆட்டோ கிடைக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நவராத்திரி விரதத்தை மனதில் வைத்துப் போனால் அம்மா அதிர்ந்துபோகக்கூடும். வங்காளத்தில் பூஜை என்றால் மகள் பிறந்த வீட்டுக்கு வருகிற நாட்கள், வீட்டுக்கு வீடு மீனும் இறைச்சியும் சமைப்பார்கள், அங்கத்திய துறவிகளும் மீன் சாப்பிடுகிறவர்கள்தான். அதில் அவமரியாதை எதுவும் இல்லை, அவர்கள் வழக்கம் அது. மடத்தில் வருகிற எல்லோருக்கும் கொடுக்கிற கிச்சடிப் பிரசாதம் சைவம், பயமில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். வெளியே பூரி மாதிரியான லூச்சியும் உருளைக்கிழங்குக் கறியும் எங்கும் கிடைக்கும், ஆர்டர் செய்யும்போது நிராமிஷ் என்று சொல்லுங்கள், சைவம் என்று புரிந்துகொள்வார்கள். தயிர் சாதம் இல்லாமல் இருக்க முடியாதவர் என்றால் அறையில் ஒரு சின்ன மின் குக்கர் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

மடத்துக்குள் கோயில்களில் படம் எடுக்கக் கூடாது. மத்தியானம் கோயில்களைச் சாத்திவிடுவார்கள், பூஜை நாட்களின் நேரம் வேறாக இருக்கும், வாசலில் எழுதிப் போட்டிருப்பார்கள். வெயிலும் புழுக்கமும் நம் ஊர் போலவே, திடீர் மழையும் உண்டு, பருத்திப் புடவையும் குடையும் போதும்.

கூட்டம் தாங்காத ஒரு நாளில் அம்மாவை பாக்பஜாருக்கு அழைத்துப் போங்கள், காலை வேளையில். சாரதா தேவியார் 1909 முதல் கடைசிவரை கொல்கத்தாவில் இருந்தபோதெல்லாம் தங்கிய வீடு அங்கே இருக்கிறது, 1920 ஜூலையில் அங்கேதான் உடலை விட்டார். சின்ன வீடு, சின்ன அறை. பூஜை முடிந்து இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் அவர் பிறந்த ஜெயராம்பாடிக்கும் ராமகிருஷ்ணர் பிறந்த காமார்புகூருக்கும் போய் வரலாம், சாலை வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துத் திரும்புவது பெரியவர்களுக்கு அதிகம், ஒரு ராத்திரி தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் டிக்கெட்டைத்தான் எல்லோரும் அலட்சியப்படுத்துகிறார்கள். பூஜை முடிந்ததும் வங்காளிகள் குடும்பத்தோடு தெற்கே சுற்றுலா கிளம்புகிற காலம் அது, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, ஊட்டி என்று. சென்னை வண்டிகள் எல்லாம் நிறைந்திருக்கும். தசமி மாலை கரைப்பதைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே ஸ்டேஷனுக்கு ஓட முடியாது, மூர்த்திகளை ஆற்றுக்குக் கொண்டுபோகிற ஊர்வலங்களால் பல சாலைகள் அடைபட்டிருக்கும். ஏகாதசிக்கோ அதற்கு மறுநாளுக்கோ போடுங்கள். போகிற டிக்கெட் திறக்கிற நாள் ஒன்று, வருகிற டிக்கெட் திறக்கிற நாள் அதற்கு ஒரு வாரம் தள்ளி. இரண்டையும் இப்போதே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.